வெனீர் ஷட்டரின் அடி ஓரம்

ஏழெட்டு வருடம் புழங்கிய வெனீர் (பிளைவுட்டின் மேல் ஒட்டும் மெல்லிய நிஜ மரத் தோல்) சமையலறை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள கதவின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அடுப்புக்குப் பக்கத்து மேல் கப்போர்டைத் திறந்து, கதவின் அடி ஓரத்தில் விரலை ஓட்டினால் போதும். வழவழப்பாக இருந்தால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. சொரசொரவென்று தட்டினாலோ, ஓரத்துப் பட்டை நகத்தில் மாட்டினாலோ, நீராவி உள்ளே போக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். குனிந்து பார்க்க முடியாத இடமாக இருந்தால் மொபைலை செல்ஃபி கேமராவில் வைத்து அடியில் நீட்டி ஒரு படம் எடுங்கள். புதுச் சமையலறையை கார்பென்டரிடமிருந்து ஒப்புக்கொள்ளும் நாளிலும், மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்னால், இந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும். பாலிஷே படாத வெறும் பிளைவுட் அதில் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அடிக்கடி நடப்பதுதான்.

வெனீரின் முகம் லேசில் கெடாது. ஓரம், கீல் துளை, பின்பக்கம் என்று கண்ணில் படாத இடங்களில்தான் சேதம் தொடங்கும். கடையில் நிறம் தேர்ந்தெடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுப்பவர்கள் ஓரத்துக்கு இரண்டு நிமிஷம் கொடுப்பதில்லை. பெங்களூரில் இந்த அலட்சியத்துக்குக் கொடுக்கும் விலை கொஞ்சம் அதிகம். மார்ச் மதியத்தில் காற்று காய்ந்து உதடு வெடிக்கும். ஏப்ரல், மே மாலைகளில் திடீர் மழை. ஜூனிலிருந்து அக்டோபர் வரை துணி காயாது. மரம் வருடா வருடம் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். அடைக்காத ஓரம் ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் திறந்துகொள்ளும்.

மைசூர் ரோடு டிம்பர் யார்டு லேஅவுட் பக்கமோ, வேறு எந்த பிளைவுட் கடையிலோ "வெனீர் ஷீட்" என்று எடுத்துப் போடுவது 8-க்கு 4 அடியில் சுமார் 4 மி.மீ. தடிமனுள்ள பலகை. அதில் நிஜ மரம் மேலே அரை மி.மீ. அளவுதான், மீதி சாதாரண பிளை. இந்த அரை மி.மீ. கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதி விஷயங்கள் தாமே புரிந்துவிடும். எவ்வளவு தேய்க்கலாம், எத்தனை தடவை மறுபாலிஷ் போடலாம், கீறல் விழுந்தால் என்ன ஆகும், எல்லாம் அதற்குள் அடக்கம்.

கடையில் காட்டும் ஷீட் பாலிஷ் போடாதது, வெளிறித்தான் தெரியும். ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடைத்தால் அந்த ஈரம் காயும் வரைக்கும் தெரியும் நிறம்தான் பாலிஷுக்குப் பிறகு வரப்போகும் நிறத்துக்குக் கிட்டத்தட்ட நெருக்கமானது. அப்படியே ஷீட் முழுக்க விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் பொள்ளலாகச் சத்தம் வந்தால் அங்கே பசை பிடிக்கவில்லை. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் அலை அலையாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். அலை தெரியும் ஷீட்டில் பளபளப்பு பாலிஷ் போட்டால் அந்த அலை இரண்டு மடங்காகத் தெரியும்.

வரி விஷயத்தில் இரண்டு சொல் தெரிந்தால் போதும். கிரவுன் கட் என்றால் நடுவில் கோபுரம் கோபுரமாக எழும் வரி. குவார்ட்டர் கட் என்றால் நேர்க்கோடு. சமையலறைக் கதவுகள் சிறியவை, நிறைய துண்டுகள். கோபுர வரியை 14 துண்டாக வெட்டினால் ஒரு கதவில் உச்சி, அடுத்ததில் அடி, மூன்றாவதில் ஒன்றுமே இல்லை என்று கலைந்து நிற்கும். அதனால் சமையலறைக்கு நேர்வரிதான் பொருத்தம். கோபுர வரியை டைனிங் பக்கத்துப் பெரிய பேனலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ரீகான் என்று ஒன்று காட்டுவார்கள். மலிவாக வளரும் மரத்தைச் சீவி, சாயம் ஏற்றி, மறுபடி அடுக்கி ஒட்டிச் சீவியது. "அது நிஜ மரம் இல்லை" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மரம்தான், வரி மட்டும் மனிதன் போட்டது. ஷீட்டுக்கு ஷீட் ஒரே மாதிரி இருப்பதும், பின்னாளில் ஒரு கதவு போனால் அதே எண்ணில் மறுபடி கிடைக்க வாய்ப்பிருப்பதும் சமையலறைக்கு நல்ல குணங்கள். நேர் வெயில் படும் ஜன்னலோரத்தில் மட்டும் வேண்டாம், சாயம் வெளுக்கும். இயற்கை வெனீர் வாங்கினால் ஒரே மரக்கட்டையிலிருந்து சீவிய, வரிசை எண் போட்ட ஷீட்களாகக் கேளுங்கள். வேறு கட்டையிலிருந்து வரும் தேக்கும் தேக்குதான், பெயரைத் தவிர ஒற்றுமை இருக்காது.

எத்தனை ஷீட் என்பதில்தான் பட்ஜெட் இடிக்கும். ஒரு ஷீட் 32 சதுர அடி. கதவுகள் மொத்தம் 90 சதுர அடி என்றால் 3 ஷீட் போதும் என்று தோன்றும். போதாது. வரி எல்லாக் கதவிலும் மேலிருந்து கீழாக ஓட வேண்டும் என்றால் துண்டைத் திருப்பி வெட்ட முடியாது. 1220 மி.மீ. அகலத்தில் 600 மி.மீ. கதவு இரண்டு விழும். ரம்பம் தின்பது, பக்கத்தைச் சீவுவது எல்லாம் போக சரியாக இருக்கும். நீளத்தில் 700 மி.மீ. வீதம் மூன்று. ஆக ஆறு கதவு, சுமார் 27 சதுர அடி. அதே ஷீட்டில் 450 மி.மீ. கதவு வெட்டினாலும் ஆறுதான் விழும், 20 சதுர அடிதான் பயன்படும். மிஞ்சும் 300 மி.மீ. பட்டையை எண்ணெய் பாட்டில் புல்-அவுட்டின் முகப்புக்கு ஒதுக்கலாம். ஆகவே 90 சதுர அடிக்கு 4 அல்லது 5 ஷீட், கூடவே உபரியாக ஒன்று. மேல் கதவிலிருந்து கீழ்க் கதவுக்கு வரி தொடர வேண்டும் என்று டிசைனர் சொல்வார். நடுவில் இரண்டடி டைல்ஸ் இருக்கும்போது எந்தக் கண்ணும் அதைத் தேடாது. பக்கத்துப் பக்கத்துக் கதவுகளில் வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

அந்த வரிசை காக்கப்படுவதற்கு ஒரு சாக்பீஸ் வேண்டும். பெங்களூரில் நீங்கள் தமிழில் சொல்வதை மேஸ்திரி கன்னடத்தில் கேட்டு, ராஜஸ்தானிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்த கார்பென்டர் இந்தியில் புரிந்துகொள்வார். மூன்று மொழி தாண்டி வரி எந்தப் பக்கம் என்பது போய்ச் சேராது. வெட்டும் முன் ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் எண்ணும், மேல்நோக்கி ஒரு அம்புக்குறியும் போடச் சொல்லுங்கள். அம்புக்குறிக்கு மொழி இல்லை.

இனி கதவின் உள்ளமைப்பு. வழக்கமான முறை 18 மி.மீ. பிளை, முன்னால் 4 மி.மீ. வெனீர், பின்னால் 0.8 மி.மீ. லேமினேட் (சன்மைகா). கூட்டினால் 23 மி.மீ. கிட்ட வரும். பார்க்கத் தடிமனாக, பணக்காரத்தனமாக இருக்கும். ஆனால் கீல் திணறும். வாங்கும் கீல் எத்தனை மி.மீ. கதவு வரை தாங்கும் என்று அதன் அட்டையிலேயே போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். கதவு தடிமனாக ஆக, பக்கத்துக் கதவில் உரசாமல் திறக்க இடைவெளியும் கூட்டியாக வேண்டும். 16 மி.மீ. பிளை எடுத்தால் மொத்தம் 21-க்குள் அடங்கும், சமையலறைக்கு அது தாராளம். பிளை ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாக இருக்கட்டும். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பசை விடக்கூடாது என்பது அந்தத் தரத்தின் சோதனை. ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுக்கானது, ஹாலுக்குப் போதும்.

பின்பக்கத்தில் லேமினேட் ஒட்டுவது அழகுக்காக இல்லை. ஒரு பக்கம் மட்டும் ஒட்டி மறுபக்கம் வெறுமனே விட்டால் இரண்டு பக்கமும் ஈரத்தை வேறு வேறு அளவில் வாங்கும், கதவு வில்லாக வளையும். "உள்ளே யார் பார்க்கப்போறாங்க, பெயின்ட் அடிச்சுடலாம்" என்று கார்பென்டர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

5 அடிக்கு மேல் உயரமான கதவுகளுக்கு பிளையைவிட 19 மி.மீ. பிளாக்போர்டு (நடுவில் மரக்கட்டைகளை அடுக்கி ஒட்டிய பலகை) நேராக நிற்கும். தொழிற்சாலையில் செய்து வரும் மாடுலர் கதவில் எச்.டி.எச்.எம்.ஆர். பலகை (மரநாரை அழுத்திச் செய்த, ஈரம் தாங்கும் வகை) இருந்தால் பயப்பட வேண்டாம். தட்டையாக இருப்பதில் அது பிளையைவிட மேல், திருகு பிடிப்பதில் பிளைதான் மேல். கீல் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் கூடாது. 900 மி.மீ. வரை 2, 1600 வரை 3, 2000 வரை 4, 2400 வரை 5.

ஒட்டும்போது நடக்கும் இரண்டு தவறுகளைக் கவனியுங்கள். ஒன்று, வேகமாக முடிக்க லேமினேட்டுக்குப் பூசும் மஞ்சள் நிற ரப்பர் பசையை வெனீருக்கும் பூசுவது. அது சூட்டில் இளகும், பாலிஷ் தின்னருக்கும் இளகும். வெனீருக்குத் தண்ணீர் தாங்கும் வகை வெள்ளைப் பசைதான் சரி. பலகை முழுக்கச் சீராகப் பரப்பி, பிரஸ்ஸில் அல்லது பளுவின் அடியில் ஒரு இரவு விட வேண்டும். இரண்டு, பளுவுக்குப் பதிலாகத் தலையில்லாத ஆணிகளை முகத்திலேயே அடிப்பது. அடித்த அன்று ஒன்றும் தெரியாது. ஓக், வால்நட், தேக்கு போன்ற மரங்களில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்தால் கறுக்கும். பாலிஷுக்குப் பிறகு கதவு முழுக்க மிளகு தூவியது போல் புள்ளிகள் தெரியும். ஆணி அடித்தே ஆக வேண்டும் என்றால் மேலே ஒரு வேஸ்ட் பிளைப் பட்டியை வைத்து, ஓரமாக அடித்து, காய்ந்ததும் பிடுங்க வேண்டும்.

ஓரத்துக்கு வருவோம். மூன்று வழி உண்டு. மெல்லிய வெனீர் டேப் மலிவு, ஆனால் சமையலறையில் முதலில் பிரிவது அதுதான். அதே நிற பி.வி.சி. பட்டை மெஷினில் ஒட்டினால் தண்ணீருக்கு நன்றாக நிற்கும், ஆனால் மர வரி ஓரத்தில் பொய்யாகத் தெரியும். 4, 5 மி.மீ. தேக்கு அல்லது அந்தந்த மரத்தின் ரீப்பரை (மெல்லிய மரச் சட்டத்தை) நான்கு பக்கமும் ஒட்டி, முகத்தோடு சமமாக இழைப்பது மூன்றாவது. நேரமும் கூலியும் அதிகம் பிடிக்கும். இந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். கைப்பிடி, கலர் என்று வேறெங்காவது குறைத்துக்கொள்ளலாம். ரீப்பர் போட்ட கதவின் ஓரம் நசுங்கினாலும் தேய்த்துச் சரிசெய்யலாம், டேப்பில் அதற்கு வழியே இல்லை. முகத்தோடு சமப்படுத்தும்போது இழைப்புளி அரை மி.மீ. தோலைத் தாண்டிவிடாமல், கடைசிச் சுற்றைக் கையால் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

கீலுக்காகக் குடையும் 35 மி.மீ. குழியும் ஒரு ஓரம்தான். 12 மி.மீ. ஆழத்துக்கு வெறும் பலகை வாய் திறந்து இருக்கும். கீலை மாட்டும் முன் அந்தக் குழிக்குள் பிரஷ்ஷால் இரண்டு கோட் சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) தடவ ஒரு கதவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பாலிஷில் மெலமைன் மலிவு, வாடை மூக்கைத் துளைக்கும், நாளடைவில் மஞ்சளிக்கும். சமையலறைக்கு பி.யூ. (பாலியூரிதேன்) பாலிஷ் போடுங்கள், பாலிஷ், கடினமாக்கி என்று இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் வகை. முறை இப்படி: வரி ஓடும் திசையில் 180, பிறகு 240 எண் உப்புத்தாள், தூசி ஊதித் துடைத்தல், நிறம் வேண்டுமென்றால் ஸ்டெயின், இரண்டு கோட் சீலர், நடுவே 320-ஆல் லேசான தேய்ப்பு, அதன்மேல் இரண்டு டாப் கோட். முதல் கோட்டை ஓரத்தில் ஆரம்பித்து முகத்துக்கு வரச் சொல்லுங்கள். முகத்தில் ஆரம்பித்தால் ஓரத்துக்கு மிச்சமிருப்பதைத் தெளிப்பார்கள். சதுர அடிக்குக் கூலி பேசும்போதே ஓரமும் பின்பக்கமும் கணக்கில் உண்டா என்று எழுதி வாங்குங்கள். தகராறு பெரும்பாலும் இங்கேதான் வரும்.

பி.யூ. கடினமாக்கி ஈரத்தோடு சேர்ந்தால் வாயு உண்டாகும், பாலிஷில் ஊசிமுனைக் குமிழ்கள் வரும். அதனால் மழை நாளில், அதுவும் மாலையில் அடிக்கக்கூடாது. அதற்கான தின்னரைத்தான் ஊற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் மலிவுத் தின்னரில் உள்ள ஆல்கஹாலும் ஈரமும் கடினமாக்கியைத் தின்றுவிடும், பாலிஷ் பிசுபிசுப்பாகவே நிற்கும். அப்பார்ட்மென்டில் குடியிருந்துகொண்டே வேலை செய்தால் கதவுகளைக் கழற்றிப் பட்டறையில் அடித்து எடுத்துவருவதே நல்லது. அடிப்பவருக்கு வெறும் கைக்குட்டை போதாது, ரசாயன வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். முழுசாக இறுக சுமார் 7 நாள். அதுவரை கதவுகளைத் திறந்து போடுங்கள், காபித்தூளையும் டீத்தூளையும் உள்ளே வைக்காதீர்கள், வாடையை இழுத்துக்கொள்ளும். 7 நாள் கழித்து அடி ஓரத்தைத் திருப்பி வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கால் மணி கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் அடைபடவில்லை.

ஓப்பன் போர் பாலிஷ் இப்போது ஃபேஷன். ஓக், ஆஷ் மரத்தின் நரம்புக் குழிகள் கைக்குத் தட்டும்படி விடுவது. படுக்கையறையில் அழகுதான். தினமும் கடுகு வெடிக்கும் சமையலறையில் அந்தக் குழிகளில் எண்ணெயும் மாவும் ஏறி, வருடத்தில் கறுப்புக் கோடாகும். இங்கே குழி மூடிய பாலிஷ், பளபளப்பு குறைந்த சாட்டின்தான் சரி. பளபளப்பே இல்லாத மேட் பாலிஷில் விரல் எண்ணெய் தெரியும், முழுப் பளபளப்பில் கீறல் தெரியும்.

எங்கே வைப்பது என்பதிலும் கண்டிப்பு தேவை. சிங்க்கின் கீழும், அடுப்பின் கீழும், அவற்றின் இரண்டு பக்கமும் ஒரு அடி தூரம் வரைக்கும் வெனீர் வேண்டாம். அங்கே நிறம் ஒத்த லேமினேட் போட்டுக்கொள்ளுங்கள். உயரமான அலமாரி, மேல் கப்போர்டுகள், டைனிங் பார்க்கும் பக்கம் ஆகியவை வெனீருக்கு ஏற்ற இடங்கள். வெனீருக்கு அடுப்பைவிடப் பெரிய எதிரி மேல் கப்போர்டின் நேர் அடியில் வைக்கும் எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரும் கெட்டிலும்தான். ஆவி தினமும் அதே கதவின் அடி ஓரத்தில் போய் மோதும். சமைக்கும்போது மேடை விளிம்புக்கு இழுத்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது. இட்லிப் பாத்திரத்தைச் சிம்னிக்கு நேர்கீழ் அடுப்பில் ஏற்றுங்கள். டிஷ்வாஷர் இருந்தால் அதோடு வரும் ஆவித்தடுப்புப் பட்டையை மேடைக்கல்லின் அடியில் ஒட்டச் சொல்லுங்கள். ஓட்டம் முடிந்த உடனே கதவைத் திறக்காதீர்கள். கீழ்ப் பெட்டிகளுக்கு 100 மி.மீ. கால்கள், முன்னால் பி.வி.சி. அல்லது அலுமினிய ஸ்கர்ட்டிங். மாப் தண்ணீர் முதலில் தொடுவது அதைத்தான்.

அன்றாடப் பராமரிப்பு சொல்லப்போனால் குறைவு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட், அதில் நனைத்து இறுகப் பிழிந்த பழைய வேட்டித் துணி, வரி ஓடும் திசையில் துடைப்பு, உடனே உலர்துணி. போர்வெல், டேங்கர் தண்ணீர் உள்ள ஏரியாவில் இந்த உலர்துணி கட்டாயம், இல்லையென்றால் உப்பு வெள்ளையாகப் படியும். வேலைக்கு வரும் அக்காவிடம் கதவுக்கென்று தனியாக ஒரு துணியைக் கொடுத்து வையுங்கள். சிங்க் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரே கதவுக்கும் போனால் ஆறு மாதத்தில் கைப்பிடி சுற்றி மங்கிவிடும். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே, பிளீச், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வேண்டாம். தேங்காயெண்ணெய் தடவினால் மினுங்கும் என்பார்கள். மினுங்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பிசுக்காகும். சிலிகான் கலந்த ஃபர்னிச்சர் ஸ்பிரே இன்னும் மோசம். பின்னாளில் மறுபாலிஷ் அடிக்கும்போது பாலிஷ் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகும்.

மஞ்சள் கறை பி.யூ. மேல் உடனே துடைத்தால் போய்விடும். தங்கிவிட்டால் சுரண்டாதீர்கள், வெளிச்சம் பட்டால் தானாகவே மங்கும். ஈர தோசைக்கல்லைக் கதவோரத்தில் சாய்த்து வைத்தால் வரும் கறுப்புத் திட்டு வேறு ரகம். பாலிஷ் அடைபட்டிருந்தால் வராது, விரிசல் வழி இறங்கிவிட்டால் பாலிஷைத் தேய்த்தெடுக்காமல் போகாது. ஆயுத பூஜைக்கு வைக்கும் சந்தனம் குங்குமத்தை மறுநாளே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள், பொட்டை ஓரத்தில் வைக்காமல் முகத்தின் நடுவில் வையுங்கள். ஸ்டிக்கர் ஹூக் மட்டும் ஒட்டவே வேண்டாம். பிடுங்கும்போது பாலிஷும் கூட வரும்.

குமிழ் எழும்பினால் கூரான பிளேடால் வரியின் திசையில் ஒரு சின்னக் கீறல், ஊசியில் தண்ணீர் விட்டு இளக்கிய வெள்ளைப் பசை, மேலே பாலிதீன் தாள், அதன்மேல் பலகை, பளு, 24 மணி நேரம். வரியின் குறுக்கே கீறினால் தழும்பு தெரியும். ஓரம் பிரிந்தால் அன்றைக்கே பசை வைத்து மாஸ்கிங் டேப்பால் இறுக்கிக் கட்டுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் உள்ளே மாவும் எண்ணெயும் போய்ப் பசை பிடிக்காது. முழு மறுபாலிஷ் இந்தத் தோலுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு தடவை. அதையும் சுற்றும் சாண்டர் மெஷின் இல்லாமல், கையால் தேய்ப்பவரிடம் கொடுங்கள். மூலைகளில் மெஷின் இரண்டு நொடியில் அடிப் பிளையைக் காட்டிவிடும்.

உபரி ஷீட்டைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்துப் பத்திரப்படுத்துங்கள், சுவரில் சாய்த்தால் வளையும். பாலிஷ் டப்பாவின் லேபிளையும் ஸ்டெயின் எண்ணையும் படமெடுத்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு கதவு மாற்ற வேண்டி வந்தால், இருட்டில் கிடந்த ஷீட்டும் வெளிச்சத்தில் நின்ற கதவுகளும் ஒரே நிறத்தில் இருக்காது. தேக்கு இதற்குள் பொன்பழுப்பாகியிருக்கும், வால்நட் வெளிறியிருக்கும். வெட்டிய துண்டைச் சில வாரம் பால்கனியில் மழை படாத வெளிச்சத்தில் வைத்து, வாரம் ஒரு முறை பழைய கதவின் பக்கத்தில் ஈரத்துணியால் துடைத்து ஒப்பிட்டு, நிறம் சேர்ந்த பிறகு பாலிஷ்காரரைக் கூப்பிடுங்கள்.